நன்றியுரையில் இல்லாத பெயர்கள்

முனைவர் பட்ட ஆய்வேடுகள் மூன்றில் நான் இயல்கள் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் என் பெயர் கிடையாது. மூன்று பேரும் இன்று பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்டுக்கொள்கிறார்கள். சும்மா எழுதவில்லை, காசு வாங்கினேன். இயலுக்கு 8,000 ரூபாய். அவசரம் என்றால் 10,000.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், சில மாதங்களுக்கு ஒருமுறை யாராவது ஃபேஸ்புக்கில் ஒரு படம் போடுகிறார்கள். மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ்: ‘ஆய்வேடு எழுதித் தரப்படும்’, கீழே போன் நம்பர். மேலே ஒரு வரி, ‘பிஎச்டி இப்ப கடையிலேயே கிடைக்குது.’ நூற்றுக்கணக்கில் சிரிப்புக் குறிகள். சிரித்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். கடைக்காரன் திருடன், வாங்குகிறவன் முட்டாள், தீர்ப்பு முடிந்தது. எனக்கு அந்தச் சிரிப்போடுதான் சண்டை.

நான் வேலை பார்த்த கடை ஒரு பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ரெக்ஸின் அட்டையில் தங்க எழுத்துப் பதிக்கிற ஆள் ஒருத்தர். நடத்தியது ஒரு அக்கா. நான் அப்போது அதே பல்கலைக்கழகத்தில் தமிழில் முழுநேர ஆய்வாளன். ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை. அறை வாடகைக்காக மாலையில் பிழை திருத்தப் போனேன், பக்கத்துக்குப் பத்து ரூபாய். பிறகு ‘துணைநூற்பட்டியலை ஒழுங்கு பண்ணிக் குடுங்க தம்பி’ என்றார்கள். பிறகு ‘இந்த முன்னுரையைக் கொஞ்சம் நல்லா ஆக்கிக் குடுங்க.’ பிறகு ஒருநாள் வெறும் தலைப்பும் பென்டிரைவும் வந்தது. எந்த நாளில் உதவி முடிந்து மோசடி தொடங்கியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நடுவில் கோடு எதுவும் இல்லை. சரிவுதான் இருந்தது.

வந்தவர்களில் பட்டத்தைப் பெயர்ப்பலகைக்காக வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக நான் பேச மாட்டேன். ஆனால் ஒரு மேடம் வந்தார். சுயநிதிக் கல்லூரி ஆசிரியர். ஒரு நாளைக்கு நாலு வகுப்பு. சேர்க்கை நேரம் வந்தால் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடித்துக்கொண்டு வர வேண்டும், அது தனி வேலை. பட்டம் முடிக்காவிட்டால் சம்பளம் ஏறாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவர் ஆய்வு ஒப்பாரிப் பாடல்கள் பற்றியது. தன் அம்மா ஊரிலும் சுற்றிலும் உட்கார்ந்து கேட்டு, ஆறு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பேனா மாறி மாறி, ஓரத்தில் குறிப்புகளோடு, அவ்வளவும் அவர் கையெழுத்து.

“தம்பி, பாட்டெல்லாம் இருக்கு. இதை எப்படி இயலா ஆக்கறதுன்னுதான் தெரியலை. சார்கிட்ட கேட்டேன், பழைய தீசிஸ் ஒண்ணைப் பார்த்துப் பண்ணுங்கன்னுட்டார்.”

இந்த ஒரு வாக்கியத்தில் நம் உயர்கல்வியின் முழு நோயும் இருக்கிறது. களத்துக்குப் போய்வந்தவரிடம் பொருள் இருக்கிறது. அதை வாதமாக மாற்றக் கற்றுத்தர வேண்டியவர் கையை விரிக்கிறார். ஆகவே கடை.

நெறியாளர்கள் எல்லோரும் இப்படியா என்றால், இல்லை. எனக்கே ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியை வாய்த்தார். என் நெறியாளர் அல்ல, தெரிந்தவர், அவ்வளவுதான். ஒரு மாலை முழுக்க என் இயலில் ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வி: “இதை யார் சொல்றா? நீயா, நீ படிச்ச புத்தகமா?” அந்தப் பக்கத்தில் நான் சொன்ன வாக்கியம் ஒன்றுதான் தேறியது. அவமானமாக இருந்தது. ஆனால் எழுதுவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

என் நெறியாளரோ வேறு ரகம். அவர் படிக்கிறாரா என்று சந்தேகம் வந்து, மூன்றாம் இயலில் ஒரே பக்கத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் என் பெயருக்கு முன்னால் முதலெழுத்து விட்டுப்போனதைச் சுழித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. இரட்டைப் பக்கம் அப்படியே இருந்தது.

இனி விதிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மென்பொருள் எதை அளக்கிறது? உங்கள் வரி ஏற்கெனவே வேறு எங்காவது இருக்கிறதா என்பதை. எழுதியது யார் என்பதை அதனால் அளக்க முடியாது.

விளைவு என்ன தெரியுமா? மேற்கோள் குறி போடத் தெரியாமல், பயந்து பயந்து நாலு பத்தியை அப்படியே எடுத்து வைத்த மாணவி மாட்டிக்கொள்வாள். என்னிடம் காசு கொடுத்தவர் மாட்டவே மாட்டார். ஏனென்றால் நான் புதிதாக எழுதினேன். நான் எழுதியவை சுத்தமான அறிக்கையோடு போய் ஏறின. திருட்டைப் பிடிக்க வைத்த பொறி, கைதேர்ந்த திருட்டுக்கு நற்சான்று கொடுக்கிறது.

கடையில் இதற்கென்றே ஒரு வேலை உண்டு: ‘பர்சன்டேஜ் குறைக்கிறது.’ சமூகம் என்பதைச் சமுதாயம் ஆக்கு. ஆய்வை ஆராய்ச்சி ஆக்கு. வாக்கியத்தின் தலையை வாலில் வை. அறிவு ஒரு அங்குலம் நகராது, எண் மட்டும் இறங்கும். இப்போது இதைச் செய்ய மனிதன்கூட வேண்டாம், சாட்ஜிபிடி போதும். கடை சட்டைப்பைக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான் மாற்றம்.

அதே 2018 விதி இன்னொன்றும் சொல்கிறது. தன்னிடம் நடந்த ஆய்வு திருட்டில்லாதது என்று நெறியாளர் சான்று தர வேண்டும். தருகிறார்கள். படிக்காத ஏட்டுக்குக் கையெழுத்துப் போடுவது மோசடி இல்லையா? மாணவனுக்கு நாலு படித் தண்டனை வைத்திருக்கிறோமே, படிக்காமல் கையெழுத்திடுகிறவருக்கு எந்தப் படி?

ஆய்வு அறம் கற்பிக்க இரண்டு கிரெடிட்டில் ஒரு பாடமும் வைத்தார்கள். எது திருட்டு என்று பாடம் உண்டு. ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது என்று பாடம் கிடையாது. 2022 விதிமுறை எம்ஃபிலையும் நிறுத்திவிட்டது. எம்ஃபிலும் பல இடங்களில் சடங்காகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சின்ன ஆய்வேட்டில் கை பழக அது ஒன்றுதான் இருந்தது. இன்று எம்ஏ தேர்வுத்தாளுக்கு அடுத்தபடியாக ஒருவர் எழுதுகிற பெரிய எழுத்தே முன்னூறு பக்க ஆய்வேடு. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, கயிற்றைப் பிடித்தால் அபராதம் என்கிறோம்.

கயிறு எல்லோருக்கும் கடையில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்பா பேராசிரியராக இருந்தால் இயல் அவர் மேசை வழியாகத்தான் போகும். சித்தி ஆங்கிலத்துறையில் இருந்தால் சுருக்கத்தை அவர் திருத்திக் கொடுப்பார். அண்ணன் புள்ளியியல் படித்திருந்தால் அட்டவணை அவன் போடுவான். அதற்குப் பெயர் ‘வீட்டுச் சூழல்’. முதல் தலைமுறைப் பட்டதாரி அதே உதவியை ரூபாய் கொடுத்து வாங்கினால் அதற்குப் பெயர் மோசடி. முன்னதில் ரசீது இல்லை என்பதைத் தவிர எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தனியாக உட்கார்ந்து எழுதுவதுதான் அறிவு என்று நமக்கு யார் சொன்னது? உ.வே. சாமிநாதையருக்குச் சீவக சிந்தாமணியில் சமண சமயச் செய்திகள் பிடிபடாதபோது கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1887-ல் பதிப்பு வந்தது. யாரிடம் என்ன கற்றேன் என்று தன் வரலாற்றில் அவரே விரிவாக எழுதி வைத்தார். உதவி வாங்கியதால் அவர் பெயர் குறைந்துவிட்டதா? கேட்டது அவர், புரிந்துகொண்டது அவர், எழுதியது அவர். உதவியை ஒளிக்கவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

“அப்போ காசு கொடுத்து எழுதி வாங்கறவங்க மேல தப்பே இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. வாங்கியவர் நாளைக்கு நெறியாளர் ஆவார். எழுதத் தெரியாதவர் எழுதக் கற்றுக்கொடுக்க முடியாது. அவருடைய மாணவரும் கடைக்குத்தான் வருவார். இந்தச் சங்கிலியில் நானும் ஒரு கண்ணி. ஆனால் கண்ணியைக் காட்டிச் சிரிப்பதால் சங்கிலி அறாது.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஒவ்வொரு ஆய்வேட்டிலும் ஒரு பக்கம் வையுங்கள்: தட்டச்சு இவர், மொழித்திருத்தம் இவர், புள்ளியியல் இவர், இன்ன இடத்தில் இன்ன மென்பொருள். வெளியே சொல்லக்கூடிய உதவி எது, சொல்ல முடியாதது எது என்று எழுதுகிறவருக்கே அப்போது தெரிந்துவிடும். துறைக்கு ஒருவரை, எழுத்தைப் பார்த்துச் சொல்வதற்கென்றே உட்கார வையுங்கள். நெறியாளர் கைப்படத் திருத்திய படியையும் ஆய்வேட்டோடு ஒப்படைக்கச் சொல்லுங்கள். திருத்தமே இல்லாத படி என்றால் அவர் சான்றும் செல்லாது. வாய்மொழித் தேர்வில் சாப்பாட்டுக்கு ஒதுக்குகிற நேரத்தில் பாதியைக் கேள்விக்கு ஒதுக்குங்கள்.

அந்த மேடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த இயல் நன்றாகவே இருந்தது. ‘ஒப்பாரியின் சமூகப் பின்புலம்’ என்று துணைத்தலைப்பு, வகைப்பாடு, அட்டவணை எல்லாம் உண்டு. தேர்வாளர் பாராட்டினாராம். கடைசிப் பணம் கொடுக்க வந்த அன்று, டீ குடித்துக்கொண்டே நோட்டைப் புரட்டி ஒரு பாட்டைக் காட்டினார்.

“இது செத்தவருக்குப் பாடினது இல்லை தம்பி. பங்கு தராத அண்ணன் எதிர்க்க நின்னுக்கிட்டு இருந்தான், அவனுக்குப் பாடினது. சாவு வீட்டுல பாடினா யாரும் பதில் பேச முடியாதுல்ல?”

நான் எழுதிய நாற்பது பக்கத்தில் இந்த ஒரு வரி இல்லை. எனக்கு அது தெரியாது. தெரிந்தவருக்கு எழுதவரும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நூலகத்தில் இன்று இருப்பது நான் எழுதிய அட்டவணை. ஆறு நோட்டும் அவர் வீட்டுப் பரணில் கிடக்கும் என்று நினைக்கிறேன். மேடம், இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். அந்தப் பாட்டை நீங்களே எழுதுங்கள், இப்போதாவது. திருத்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். காசு வேண்டாம். நன்றியுரையில் மட்டும் என் பெயரைப் போடுங்கள்.