தேருக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லையா?

கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஆண்டுதோறும் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர் ஒரு காட்சியைக் காண்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு, தாய் ஒருத்தி பங்குத்தந்தையின் இல்லத்து வாயிலில் நிற்பாள். “சாமி, ஆயர் இல்லத்துல ஒரு வார்த்தை சொல்லி, பிள்ளை படிப்புக்கு ஏதாச்சும் உதவி வாங்கிக் கொடுங்க” என்பாள். அவள் கேட்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அதே குடும்பம், சில வாரங்களுக்கு முன்னர்தான் பாதுகாவலர் திருவிழாவுக்கான தலைக்கட்டு வரியைக் கடன் வாங்கிக் கட்டியிருக்கும். வரி தவறினால் ஊரில் தலைநிமிர முடியாது. பிள்ளையின் படிப்பு நின்றாலோ, ஏனென்று கேட்க ஊரில் ஒருவரும் இல்லை.

நம் வறுமையைவிட நம்மை வாட்டுவது இந்த முரண்பாடே என்று துணிந்து கூறுவோம். ஊர்கூடிப் பணம் திரட்ட நமக்குத் தெரியாதா? தெரியும். கணக்கு எழுத, வசூலிக்க, தவறியவரைத் தட்டிக் கேட்க ஆட்கள் இல்லையா? இருக்கிறார்கள். தேருக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் உள்ள இந்த ஒழுங்கு, பிள்ளையின் படிப்பென்று வரும்போது மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

திருவிழாவை நாம் பழிக்கவில்லை. ஆண்டெல்லாம் உழைத்துக் களைத்த மக்களுக்கு அது இறைவன் தரும் மகிழ்ச்சி. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்றவர்கள் ஊர் திரும்பி உறவைப் புதுப்பிக்கும் நாள் அது. ஆயினும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழகத்திலேயே எழுத்தறிவில் கடைசி இடத்தில் நின்றது நம் தருமபுரி மாவட்டம். மாநிலத்தில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்திருந்தபோது, இங்கே 68.54 பேர் மட்டுமே. இத்தகைய மண்ணில் சிறுபான்மையாக வாழும் நாம் எதை முதற்கடமையாகக் கொள்ள வேண்டும் என்பதே கேள்வி.

“படிக்க வைப்பது மிஷனின் வேலை” என்ற எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. வளர்த்தவர்கள் நாமே. வேதபோதகர்கள் பள்ளி கட்டினார்கள், வெளிநாட்டு அன்பர்கள் உதவினார்கள், நாம் பெற்றுக்கொண்டோம். 1930இல் சேலம் மறைமாவட்டம் பிறந்தது. 1997இல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிறந்தது. தலத்திருச்சபை வளர்ந்த பின்னும் கையேந்தும் பழக்கம் மாறவில்லை.

இன்று அந்த ஊற்றுகள் வற்றி வருகின்றன. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு நிறுவனம் தான் பெற்ற நன்கொடையை மற்றொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பது தடுக்கப்பட்டது. 2008இல் மத்திய அரசு தொடங்கிய சிறுபான்மையினர் பள்ளிக் கல்வி உதவித்தொகை, 2022இல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நிறுத்தப்பட்டது. பிறர் கையிலுள்ள விளக்கு, அவர் விரும்பும் வரைதான் நமக்கு வெளிச்சம் தரும்.

தம் கையால் விளக்கேற்றியவர்கள் நம் அருகிலேயே இருக்கின்றனர். கேரளத்தின் மான்னானத்தில் 1846இல் ஒரு சமஸ்கிருதப் பள்ளியைத் தொடங்கியவர் புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா. சீரோ மலபார் மக்களுக்குக் குருகுல முதல்வரான அவர், 1864இல் ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளி அமைய வேண்டுமெனப் பணித்தார். ஏழைப் பிள்ளைகள் பசியோடு பாடம் கேட்க முடியாதே! அதற்கும் அவர் வழி கண்டார். சமைக்க அரிசி எடுக்கும் ஒவ்வொரு வீட்டுத் தாயும் ஒரு பிடியைத் தனியே ஒதுக்கி வைப்பாள். சேர்ந்த அரிசி பிள்ளைகளின் மதிய உணவாகும். 2014இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நாமோ படத்துக்கு மாலையிட்டோம். பிடி அரிசியை மறந்தோம்.

நம் தமிழகத்திலும் சான்று உண்டு. கோயிலுக்குள் நுழையவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தார், விருதுநகரில் 1880களில் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். வணிகர்கள் தம் சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமையும், வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியும் கல்விக்குத் துணையாயின. அப்பள்ளியில் பயின்ற காமராசர், பின்னாளில் முதலமைச்சராகி ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்ததை நாடறியும். 1910இல் அமைந்த நாடார் மகாஜன சங்கம், மாணவருக்குக் கல்வி உதவியைக் கடனாகத் தந்தது; படித்து வேலைக்குச் சென்றவர் அதைத் திருப்பிக் கட்ட, அடுத்தவர் அதில் படித்தார். சாதிப் பெருமையை நாம் கற்க வேண்டியதில்லை. கூடிச் செயற்படும் உறுதியைக் கற்கலாமன்றோ?

“ஏழைகளிடமே கேட்பதா?” என்று சிலர் வினவுவர். எண்பது குடும்பங்கள் உள்ள ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். குடும்பத்துக்கு வாரம் 20 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 83,200 ரூபாய். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாது. ஆனால் ஓரிருவர் கல்லூரி வாயிலைக் கடக்க உதவும். மேலும், கொடுத்தவர் கேள்வி கேட்பார். இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் பாராட்டியது அவள் ஏழை என்பதற்காக மட்டுமன்று. அவளும் கொடுப்பவள் என்பதற்காகவும்தான்.

“நாமே பார்த்துக்கொண்டால் அரசு கைகழுவிவிடாதா?” என்பது மற்றொரு வினா. இது நியாயமான அச்சம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியினர் உரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. திறக்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2023இல் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தப் போராட்டத்தில் ஓரடியும் பின்வாங்கலாகாது. ஆனால் தீர்ப்பு வரும் வரை நம் பிள்ளைகள் வளராமல் காத்திருப்பார்களா? உரிமை கேட்டு வாதிட வழக்கறிஞரும், புள்ளிவிவரம் தொகுக்கக் கற்றவரும் நம் வீடுகளிலிருந்தே வர வேண்டும்.

மக்களை நோக்கி நீட்டிய விரலை இப்போது குருக்களாகிய நம் பக்கமே திருப்புவோம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, நாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தந்தது. ஏழைகளுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் சட்டக் கடமை சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் மகிழ்ந்தோம். சட்டம் விலக்களித்தது சரி; நற்செய்தி விலக்களித்ததா? கோயில் கட்டக் கல் சுமந்தவரின் பேரப்பிள்ளை, கட்டணம் கட்ட இயலாமல் நம் பள்ளி வாயிலிலிருந்து திரும்புமானால், சிறுபான்மை உரிமை என்று நாம் முழங்குவது யாருக்காக? ஏழைகளை மறந்த உரிமை வெறும் சலுகையே. நாம் தன்னார்வமாக அந்த நான்கில் ஒரு பங்கை, மதம் பாராமல் ஏழைப் பிள்ளைகளுக்குத் தந்தாலன்றி, மக்களிடம் தன்னுதவி பேச நமக்குத் தகுதியில்லை.

ஆதலால் நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு ஊரிலும் கல்வி நிதி ஒன்று அமையட்டும். அதை நிர்வகிப்பவர் பங்குத்தந்தையாக இருத்தல் வேண்டா. அன்பியங்கள் தேர்ந்தெடுக்கும் பொதுநிலையினர் இருக்கட்டும். அவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். மூன்று திங்களுக்கொரு முறை ஞாயிறு திருப்பலி முடிவில் கணக்கு வாசிக்கப்படட்டும். உதவி வட்டியில்லாக் கடனாக இருக்கட்டும். வேலைக்குச் சென்றவர் திருப்பித் தரட்டும். திருவிழா வசூலில் பத்தில் ஒரு பங்கு நிதிக்குச் செல்லட்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தேர் நின்றுவிடாது.

இவற்றுள் எதற்கும் ஆயரின் ஆணைக்கோ அயல்நாட்டு அன்பருக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் கூடும்போது, தலைக்கட்டு வரி எழுதும் ஏட்டை எடுத்து வாருங்கள். குடும்பத் தலைவரின் பெயருக்கு நேரே ‘திருவிழா’ என ஒரு பத்தி இருக்கிறது. அதன் அருகே இன்னொரு கோடு கிழித்து, ‘கல்வி’ என்று எழுதுங்கள். முதல் வரியில் பங்குத்தந்தையின் பெயரையும், அவர் கொடுக்கும் தொகையையும் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.