பராக்குப் பார்க்கும் பையன்

உபாத்தியாயர்களுக்குத் தங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. நானும் அதற்கு விலக்கல்ல. ஆயினும் இந்த வாரம் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும்.

நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான், வயது எட்டு. வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே வருவான். 'ஏழெட்டு' என்றதும் சட்டென்று நிற்பான். விழிகள் ஓரிடத்தில் நிலைக்கும். இமைகள் மெல்லத் துடிக்கும். பத்து விநாடி சென்றதும், ஒன்றுமே நேராதது போல் 'ஐம்பத்தாறு' என்று தொடர்வான். பராக்குப் பார்த்ததாக எண்ணிப் பல நாள் அவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தினேன். "இல்லை, ஸார்" என்பான். பொய் சொன்னதாக அதற்கும் தண்டனை. அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பத்து விநாடி அவனுக்குத் தெரியவே தெரியாது.

பிறகு அவன் தாயார் வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள். அவர் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, மூன்று நிமிஷம் விடாமல் ஊதச் சொன்னாராம். இரண்டு நிமிஷம் ஆகுமுன்பே பையன் ஊதுவதை நிறுத்தி வெறித்துப் பார்த்தான். "பள்ளிக்கூடத்தில் யாரும் கவனிக்கவில்லையா?" என்று வைத்தியர் கேட்டாராம். அம்மையார் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப் போயிற்று.

இதுவும் வலிப்புத்தான். கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தால் தெருவே கூடிவிடும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பினால் பயன் எதுவும் இல்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் நுழைக்காமல் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிஷம் கடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் இந்த மௌன வலிப்புக்குக் கூட்டம் கூடுவதில்லை. நாளொன்றுக்குப் பல தடவை வந்தாலும் சோம்பல் என்றே பெயர் பெறும். பகற்கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்புவான், இவன் திரும்பமாட்டான். சந்தேகமிருந்தால் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தியரிடம் காட்டலாம்.

மூளையின் நுண்ணிய மின்னோட்டத்தைத் தலைமேல் கம்பி ஒட்டிப் பதிவு செய்யும் முறையை ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்டார். 1935-இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லென்னக்ஸ் ஆகியோர், இத்தகைய வலிப்பின்போது கூர்முனையும் அலையுமாக விநாடிக்கு மூன்று வீதம் எழும் கோலத்தைக் கண்டார்கள். நம் பையனுக்கு எடுத்த பதிவிலும் அதே கோலந்தான்.

எந்த வலிப்பு என்று தெரியாமல் மருந்து கொடுப்பது அபாயம். வேறு சில வலிப்புகளுக்கு நன்மை செய்யும் கார்பமஸெபின் இதை அதிகமாக்கிவிடக்கூடும். அமெரிக்காவில் 453 குழந்தைகளிடம் மூன்று மருந்துகளைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். எதோசக்ஸிமைடும் வால்ப்ரோயிக் அமிலமும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் வலிப்பை அடக்கின. கவனத்தைக் குறைவாகக் கெடுத்தது எதோசக்ஸிமைடே. பள்ளிப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

பையனுக்கு அந்த மருந்துதான். ஆறாவது வாரம் மறுபடி வாய்ப்பாடு ஒப்பித்தான்; 'ஏழெட்டு' வந்தபோது எனக்குத்தான் மூச்சு நின்றது. அவன் நிற்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாலிபப் பருவத்தில் இது தானே விலகிவிடும். அதுவரை மருந்தை நாமாக நிறுத்தலாகாது. இரண்டு ஆண்டு வலிப்பின்றிக் கழிந்தால் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம்.