திருத்தத்திற்கும் எல்லை உண்டு

நூலுக்கு அட்டை வரைந்து தரும் வடிவமைப்பாளரிடம், "இன்னும் கொஞ்சம் மாற்றிக் காட்டுங்கள்" என்று பத்தாவது முறையாகக் கேட்க நம்மில் எவருக்கும் நாக் கூசுவதில்லை. பணம் கொடுப்பவர் மனம் நிறையும்வரை கேட்கலாம் என்பது நம் வாதம். இவ்வாதம் நேர்மையற்றது, கேட்பவருக்கே கேடு விளைவிப்பதும் ஆகும்.

ஈய எழுத்துகளைக் கோத்த நாளில் அச்சகங்கள் ஒரு நெறியைக் கைக்கொண்டிருந்தன. மெய்ப்பில் கண்ட பிழை அச்சுக்கோப்பாளருடையதாயின் அச்சகம் தன் செலவில் திருத்தும். எழுதியவர் மனம் மாறி வரியை மாற்றினால் தனிக்கட்டணம். கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டால் வழக்குத் தீர்ந்தது. கோத்ததைக் கலைத்து மீண்டும் கோக்கும் உழைப்பு அன்று கண்ணுக்குத் தெரிந்தது. கணினித் திரை அதனை மறைத்துவிட்டது.

இன்றைய ஒப்பந்தங்களில் இரண்டு அல்லது மூன்று சுற்றுத் திருத்தம் என எழுதுவது பெருவழக்கு. சுற்று என்பது யாது? கருத்துகள் அனைத்தையும் திரட்டி, ஒருவர் வாயிலாக, ஒருமுறை அளிப்பதே சுற்று. நம் சங்கங்களில் நடப்பதோ வேறு. காலையில் தலைவர் சிவப்பு வேண்டும் என்பார். மாலையில் செயலாளர் சிவப்பு ஆகாது என்பார். தம் படம் சிறுத்துவிட்டதெனப் பொருளாளரின் குரற்பதிவு நள்ளிரவில் புலனத்தில் வந்து சேரும். செயற்குழு தனக்குள் முடித்திருக்க வேண்டிய வழக்கை வடிவமைப்பாளரின் மேசையில் நடத்துகிறோம்!

அவர்களுக்கும் கடமை உண்டு. மென்பொருளில் தமிழுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிடில் கொம்பு எழுத்துக்கு முன் நில்லாமல் பின்னே போய் நிற்கும். அதனைச் சீர்செய்வதைச் சுற்றுக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். அது செய்தவர் பிழை. ஆனால் யானைக்கு ஒப்புதல் தந்தபின் மயில் கேட்பது திருத்தமே அன்று, புதிய வேலை.

1986இல் நெக்ஸ்ட் நிறுவனத்திற்குச் சின்னம் வரைந்த பால் ராண்ட், மாற்று வடிவங்கள் தர இசையாமல் ஒன்றை மட்டுமே அளித்து 100,000 அமெரிக்க டாலர் பெற்றார். அவர் புகழ் பெற்றவர், நம் இளைஞருக்கு அது கூடுமா எனலாம். கூடாது என்பதனால்தான் அவர்களுக்கு எழுத்தில் ஓர் எண் வேண்டும். 400 வெள்ளி பேசிய அட்டை பத்து மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 40 வெள்ளி. நாற்பது மணி நேரமானால் 10 வெள்ளி. அதன்பின் அவ்விளைஞர் தமிழ் நூலுக்கு ஏன் வருவார்?

அடுத்த ஆண்டுமலருக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே, கருத்துரைப்பவர் ஒருவரின் பெயரும் சுற்றுகளின் எண்ணிக்கையும் தாளில் ஏறட்டும். அச்சுக்குப் போகும் வேளையில் படத்தைப் பெரிதாக்கக் கேட்கும் பொருளாளர், அதற்குரிய கட்டணச் சீட்டிலும் தாமே ஒப்பமிடட்டும்.