வெண்ணெய்ப் பேறும் வீண்பழியும்

அயர்லாந்தின் பழைய உழவர் இல்லங்களில் வெண்ணெய் கடையும் வேளையில் உள்ளே நுழைந்தவர், பணிக்கு இறையருள் வேண்டி வாழ்த்தி, சிறிது நேரமேனும் தாமும் கடைந்துவிட்டே செல்ல வேண்டும். மறுத்தால், வீட்டின் வெண்ணெய்ப் பேற்றை அவர் தம்மோடு கொண்டு போய்விடுவார் என்பது நம்பிக்கை. மே முதல் நாளில் பாலையோ அடுப்பு நெருப்பையோ அயலாருக்குக் கொடார். கொடுத்தால் ஆண்டு முழுவதற்குமான பேறு உடன் வெளியேறிவிடுமாம்!

இவற்றை மூடத்தனமென்று நகைத்து ஒதுக்குவோரோடு நான் உடன்படேன். வெண்ணெய் விற்ற காசுதான் பல குடும்பங்களுக்கு நிலக்குத்தகை கட்ட உதவியது. பாலேடு மிகக் குளிர்ந்திருப்பினும் மிகச் சூடேறியிருப்பினும் வெண்ணெய் செவ்வனே திரளாது. காரணம் அறியாதவர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்தனர். அங்கேதான் என் நெஞ்சு உறுத்துகிறது. வெண்ணெய் திருடும் சூனியக்காரி என்ற பழி பெரும்பாலும் அயலில் வாழ்ந்த மூதாட்டியின் தலையிலேயே விழுந்தது. அவள் முயலாக உருமாறி மாட்டின் மடியில் பால் குடிக்கிறாள் என்றும் கதை கட்டினர். பழமை என்பதற்காக இதையும் போற்ற இயலுமா?

1937 முதல் 1939 வரை, அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் திட்டப்படி ஏறத்தாழ 50,000 பள்ளி மாணவர்கள் பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் கேட்டு இத்தகைய செய்திகளை எழுதினர். அவ்வேடுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேணப்படுகின்றன. தேர்வுக்கு மனனம் செய்வதினும் மேலான கல்வி அது என்பேன். ஆயினும், அம்மாணவருள் எவரேனும் பழி சுமந்த மூதாட்டியின் வாயிலிலும் நின்று, அவள் தரப்பைக் கேட்டிருப்பாரா?