மஸ்டாங்கைப் புதுசாக்காதீங்க

நீங்களும் பாத்திருப்பீங்க. ராத்திரி பன்னெண்டு மணி, மறுநாள் இன்டர்னல் எக்ஸாம். யூடியூப்ல யாரோ ஒருத்தர் துருப்பிடிச்ச பழைய அமெரிக்கக் கார் ஒண்ணைக் கொட்டகையிலிருந்து இழுத்துட்டு வர்றார். நாப்பது நிமிஷத்துல அது ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி மின்னுது. நாமளும் லைக் போட்டுட்டுத் தூங்கிடுறோம். மூணு வருஷமா இந்தப் பழக்கத்துக்கு நான் அடிமை. அந்த உரிமையில சொல்றேன்: இந்த வீடியோக்கள்ல நிறைய, காரைக் காப்பாத்துறோம்னு சொல்லிக்கிட்டே காரை அழிக்குது.

கோவப்படாதீங்க, ஒரு கதை சொல்றேன். 1968-ல 'புல்லிட்'னு ஒரு ஹாலிவுட் படம் வந்தது. சான் பிரான்சிஸ்கோவோட ஏற்ற இறக்கமான தெருக்கள்ல ஸ்டீவ் மெக்வீன் பச்சைக் கலர் மஸ்டாங்ல ஒரு டாட்ஜ் சார்ஜரைத் துரத்துவார். இன்னிக்கும் கார் சேஸ்னா அதைத்தான் முதல்ல சொல்வாங்க. அந்தப் படத்துக்கு ரெண்டு மஸ்டாங் பயன்படுத்தினாங்க. ரெண்டுமே 390 கன அங்குல வி8 இன்ஜின் போட்ட ஜிடி மாடல். நம்ம கணக்குல 6.4 லிட்டர். ஒண்ணு நடிக்க, இன்னொண்ணு குதிக்க.

நடிச்ச கார் கை மாறி கை மாறி, 1974-ல ஒரு பத்திரிகை விளம்பரம் மூலமா நியூ ஜெர்சியில ஒரு குடும்பத்துக்கு வந்தது. அந்த வீட்டு அம்மா டீச்சர். தினமும் ஸ்கூலுக்கு அதுலதான் போவாங்க! 1977-ல மெக்வீனே லெட்டர் எழுதி, எனக்குத் திருப்பித் தர முடியுமான்னு கேட்டார். அவங்க கொடுக்கல. 1980 வாக்குல கிளட்ச் போச்சு, வண்டி கராஜுக்குள்ள முடங்கிடுச்சு. அப்புறம் 2018 ஜனவரியில டெட்ராய்ட் ஆட்டோ ஷோவுலதான் உலகம் அதை மறுபடி பாத்தது.

எப்படிப் பாத்ததுங்கிறதுதான் இங்க முக்கியம். வண்டியை ஓடுற நிலைக்குக் கொண்டுவந்தாங்க, ஆனா பாடியைத் தொடல. வெளுத்த பச்சை பெயின்ட், துரு, நெளிவு, எல்லாம் அப்படியே. ஷூட்டிங்ல கேமரா மாட்டுறதுக்காக அடியில வெல்டிங் பண்ணின பிராக்கெட்கூட அப்படியே இருந்தது. நம்ம வீடியோக்காரர் கையில கிடைச்சிருந்தா முதல் நாளே கிரைண்டர் எடுத்து அதை அறுத்திருப்பார், ஒரிஜினல் மஸ்டாங்ல அது கிடையாதேன்னு! 2020 ஜனவரியில ஃப்ளோரிடா ஏலத்துல அந்தத் துருப்பிடிச்ச கார் கமிஷனோட சேத்து 37.4 லட்சம் டாலருக்குப் போச்சு. அன்னிக்கு மதிப்புல 26 கோடி ரூபாய்க்கு மேல.

குதிச்ச காரோட கதை வேற. அது மெக்சிகோவுல பாஹா கலிபோர்னியாவுல சீந்துவாரில்லாம கிடந்தது. வாங்கினவங்க அதை வேற ஒரு படத்துல வர்ற மஸ்டாங் மாதிரி மாத்தப் போறதா இருந்தாங்க. அதாவது, உண்மையான சினிமா காரை இன்னொரு சினிமா காரோட நகலா ஆக்கப் போனாங்க. நல்லவேளை, நடுவுல யாரோ சேஸி நம்பரைச் சரிபாத்ததால தப்பிச்சது.

அந்த நம்பரைப் பத்தி ஒரு நிமிஷம். நடிச்ச காரோடது 8ஆர்02எஸ்125559. 8-னா 1968 மாடல், ஆர்-னா சான் ஹோசே தொழிற்சாலை, 02-னா ஃபாஸ்ட்பேக் பாடி, எஸ்-னா 390 இன்ஜின். மிச்சம் வரிசை எண். அஞ்சு எழுத்துக்குள்ள ஒரு ஜாதகமே இருக்கு. (எனக்கு இது கிட்டத்தட்ட வெறி. நண்பர்களோட பைக் சேஸி நம்பரைக்கூட விடுறதில்ல.)

ஒரு பழைய கார்ல இந்த மாதிரி சாட்சிகள் நிறைய ஒளிஞ்சிருக்கும். தொழிற்சாலையில ஆட்கள் கிரேயான்ல கிறுக்கின குறி, இன்ஸ்பெக்‌ஷன் முத்திரை, ஏனோதானோன்னு அப்பின சீலர். மொத்த பாடியையும் மணல் அடிச்சு வெறும் தகடாக்கினா இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல காலி. அதுக்கப்புறம் அடிக்கிற பெயின்ட் ஃபோர்டு அன்னிக்கு அடிச்சதைவிட பளபளப்பு. கதவு இடைவெளியெல்லாம் ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கும். 1964-ல 2,368 டாலருக்கு வித்த சாதாரண மக்களோட கார் அது, அவசர அவசரமா பண்ணினது. அவ்வளவு ஒழுங்கா அது எப்பவுமே இருந்ததில்ல. போதாக்குறைக்கு 1967 மஸ்டாங்கோட முழு பாடியையே இன்னிக்குப் புதுசா தகட்டுல வாங்கலாம். அப்போ நீங்க ரெஸ்டோர் பண்றது எதை, நம்பர் பிளேட்டையா?

என் ரூம்மேட் இதுக்கு ஒத்துக்கவே மாட்டான். "உன் தாத்தா வீட்டுச் சுவத்துல விரிசல் விட்டா பூச மாட்டியாடா?"ன்னான். பூசுவேன்டா. ஆனா பாட்டி கரித்துண்டால எழுதி வெச்ச பால் கணக்கை விட்டுட்டுப் பூசுவேன்.

அவன் சொல்றதுல நியாயமும் இருக்கு, அதை மறைக்கல. அறுபதுகளோட மஸ்டாங்ல விண்ட்ஷீல்டுக்குக் கீழ இருக்குற கௌல் பகுதியில தண்ணி தேங்கி, உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு, கால் வைக்கிற தரைத்தகடு ஓட்டையாயிடும். தனி சேஸி கிடையாது, பாடியேதான் பலம். அதனால அந்தத் தகட்டை வெட்டி மாத்தியே ஆகணும். 1966 மாடல் வரைக்கும் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். ஒரு இடத்துல லீக் ஆனா பெடல் தரை வரைக்கும் போயிடும், நாலு சக்கரமும் கைவிட்டுடும். பெட்ரோல் டேங்க்கோட மேல்மூடியேதான் டிக்கியோட தரை. பின்னாடி இருந்து ஒரு வண்டி இடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. ரோட்டுல ஓட்டப் போறீங்கன்னா ரெட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் போடுங்க, டேங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவுல தடுப்புத் தகடு வைங்க, பெல்ட் மாத்துங்க. கழட்டினதைத் தூக்கிப் போடாம ஒரு பெட்டியில எழுதி வைங்க, அவ்வளவுதான். உயிர் போற விஷயத்துல எனக்குப் பழமைப் பாசம் கிடையாது.

என் சண்டை பெயின்ட்டோடதான், ஸ்பேனரோட இல்ல. கார்புரேட்டரைப் பிரிச்சு, ஜெட்டைச் சுத்தம் பண்ணி, பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால சரிபண்ணி, நாப்பது வருஷமா நின்ன இன்ஜினை ஸ்டார்ட் பண்றாங்களே, அதுதான் எனக்கு வித்தை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிருக்கோம். லேப்ல ஒரு மெஷின் நின்னா நாம என்ன செய்றோம்? அசிஸ்டன்ட் சார் புது பார்ட் ஆர்டர் போடுவார், நாம ரீடிங்கை சீனியர் ரெக்கார்டுல இருந்து எழுதிடுவோம். எதனால நின்னுச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம். நானும்தான் கேக்கல. பழசை அப்படியே புதுசா மாத்திடுறது எவ்வளவு சுலபம்னு அங்கதான் எனக்குப் புரிஞ்சது.

ரூம்மேட் இன்னும் மாறல. நேத்து ராத்திரிகூட ஒரு லிங்க் அனுப்பினான்: 1966 மஸ்டாங், மணல் அடிச்சு, செர்ரி சிவப்பு. திட்டிக்கிட்டே கடைசி வரைக்கும் பாத்தேன்.