'தொடரும்' என்ற சொல்

என் அத்தையின் மர அலமாரியில் கனத்த தொகுப்பு ஒன்று இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையை இதழ் இதழாகப் பிரித்தெடுத்து, கோணி ஊசியும் முறுக்கு நூலும் கொண்டு தைத்து, மைதாப் பசை காய்ச்சிக் காலிகோ துணியால் முதுகு ஒட்டி, அறுபதுகளில் தம் கையாலேயே பைண்டு செய்து வைத்திருந்தார். பக்கங்களின் மறுபுறத்தில் கூந்தல் தைல விளம்பரமும் சமையல் குறிப்பும் பாதி பாதியாக வெட்டுண்டு கிடக்கும். ஒவ்வொரு வாரத்துப் பகுதியின் அடியிலும் அடைப்புக்குறிக்குள் 'தொடரும்' என்று அச்சாகியிருக்க, அதன் பக்கத்தில் தாம் படித்து முடித்த தேதியைப் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்திருந்தார். சில வாரங்களுக்கு இரண்டு தேதிகள், ஒரு வாரத்துக்கு மூன்று. அடுத்த இதழ் வரும்வரை பொறுக்கமாட்டாமல் அதே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார்.

சென்ற ஆண்டு அந்த வீட்டைக் காலி செய்தபோது தொகுப்பு என் கைக்கு வந்தது. பள்ளிப் பருவத்தில், விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கூடத்து ஊஞ்சலில் படுத்தபடி, சாப்பிடக் கூப்பிடும் குரல்கூடக் காதில் விழாமல் நான் படித்த கதை அது. ஆவலோடு அன்று மாலையே பிரித்து உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள், யாரும் அழைக்காமலும் எந்த மணியும் ஒலிக்காமலும், என் வலக்கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்க் கைப்பேசியை எடுத்திருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன்; மறுபடியும் கை போயிற்று. நாற்பது வருஷம் புத்தகங்களோடு வாழ்ந்தவன் என்று என்னைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் அந்த அரைமணி நேரத்தில் கலைந்தபோது உண்டான துக்கத்தை, நெருங்கிய உறவு ஒன்று நமக்குத் தெரியாமலே நம்மை விட்டு நீங்கியிருப்பதை அறியும்போது உண்டாகும் துக்கத்துக்குத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்த நிலைமைக்கு மனோதிடம் குறைந்துபோனதே காரணம் என்று பலர் தம்மையே நொந்துகொள்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. வரிக்கும் பக்கத்துக்கும் அத்தியாயத்துக்கும் புத்தகத்தில் ஒரு முடிவு உண்டு. அந்த முடிவுகளில் ஒரு கணம் நின்று மூச்சுவிடும் மனந்தான் படித்ததை அசைபோடுகிறது, அசைபோட்டதுதான் ஞாபகத்தில் தங்குகிறது. சமூக ஊடகத் திரைக்கு அடி என்பதே கிடையாது. முன்பெல்லாம் ஓர் இணையப் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டால், அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. 'போதுமா, இன்னும் வேண்டுமா?' என்று மனம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள அந்தச் சிறு தடை அவகாசம் தந்தது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது தானே வந்து விழும் முறையை 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கியபோது அந்த அவகாசமும் போயிற்று; அதன் விளைவைக் கண்டு பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார். நம் நாட்டில் அதன் பிறகும் சில காலம் ஒரு வேலி மிஞ்சியிருந்தது. டேட்டாவின் விலைதான் அந்த வேலி. மாதம் முழுவதற்கும் ஒரு ஜிபி என்று எண்ணி எண்ணிச் செலவிட்டவர்களுக்கு, 2016-இல் ஜியோ வந்தபின் அதே அளவு ஒரே நாளைக்கு உரியதாயிற்று. வறுமை தந்த அந்தக் கடைசி முடிவும் அத்தோடு அகன்றது. 'முடிவு' என்ற ஒன்றே பயனரின் கண்ணில் படாதபடி செய்வதற்காகத் திறமைசாலிகள் நூற்றுக்கணக்கில் அமர்ந்து உழைக்கும் ஒரு சாதனத்தை, பகலெல்லாம் வேலை செய்து களைத்து வீடு திரும்பும் ஒரு மனிதன் தன் மனோதிடத்தை மாத்திரம் கொண்டு வென்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

கைப்பேசியைச் சபிப்பது என் நோக்கமல்ல. 1998 முதல் மதுரைத் திட்டத்தார் கைப்பட உள்ளிட்டு வலையேற்றி வரும் பழந்தமிழ் நூல்களை, ரயில் பயணங்களில் அதே திரையில்தான் நானும் படித்திருக்கிறேன். அந்த நூல்களுக்கும் கடைசிப் பக்கம் உண்டு.

இழந்ததைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்விக்கு, மேரியன் உல்ஃப் என்ற அமெரிக்க அறிஞரின் அனுபவம் எனக்குப் பெரும் தைரியம் தந்தது. மனித மூளை எவ்வாறு படிக்கக் கற்றுக்கொள்கிறது என்பதையே தம் ஆராய்ச்சித் துறையாகக் கொண்ட அவர், இளமையில் தாம் போற்றிய ஹெர்மன் ஹெஸ்ஸேயின் பெருநாவல் ஒன்றைப் பல ஆண்டுகளுக்குப் பின் கையில் எடுத்தபோது, வாக்கியங்கள் நீளமாகவும் பாரமாகவும் தோன்ற, மேலே செல்ல முடியாமல் மூடி வைத்ததை 2018-இல் வெளிவந்த தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு, நாளைக்கு இருபது நிமிஷம் என்று வரையறுத்துக்கொண்டு இரண்டு வார காலம் விடாமல் படித்த பின்னரே பழைய நிதானம் அவருக்குத் திரும்பியது. சாதகம் விட்டுப்போன பாடகனுக்கு முதலில் கைகூடாத ஸ்வரம், விடியற்காலை அப்பியாசத்தால் மெல்ல மெல்லத் தொண்டையில் வந்து உட்காருவதைப் போன்றதுதான் இதுவும்.

நானும் இருபது நிமிஷத்திலிருந்தே ஆரம்பித்தேன். கைப்பேசியை அடுக்களை மேடையில், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திண்ணைக்கு வருவேன்; எடுக்க வேண்டுமானால் இரண்டு அறை கடந்து எழுந்து போக வேண்டும் என்ற அந்தச் சோம்பலே முதல் வாரத்தில் எனக்குக் காவலாக நின்றது. வருஷத்துக்கு ஐம்பது புத்தகம் என்று சங்கற்பம் செய்துகொள்ளும் நண்பர்களை அறிவேன். அவர்களுடைய ஆசை நல்லதே. ஆனால் எண்ணிக்கையை நோக்கி ஓடுகிற மனம் புத்தகத்தையும் திரையைப் போலவே விரைந்து தள்ளத் தொடங்கிவிடுகிறது. கடினமான மகா கிரந்தங்களை முதலில் எடுப்பதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்த காலத்தில், அதற்கு முன் நாவல் என்ற ஒன்றையே தொட்டறியாத குடும்பங்களும் இதழை எதிர்பார்த்து வாசலில் நின்றது, கதை அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றதனால்தான். திரும்பி வருகிறவனுக்கும் அப்படிக் கைப்பிடித்து அழைத்துப் போகும் புத்தகமே முதலில் வேண்டும். துப்பறியும் கதையானாலும் தாழ்வில்லை.

தனி மனிதனின் பிரயத்தனத்தோடு இந்த விஷயம் நின்றுவிடலாகாது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகருடைய காலத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் கடமையாக ஆக்குகிறது. மனிதனுடைய காலத்தைத் தின்பதற்கென்றே சாதனங்கள் பெருகிவிட்ட இந்நாளில், காலத்தைக் காத்துத் தருவதைத் தர்மமாகக் கொண்ட ஸ்தாபனம் ஒன்று நம் தெருமுனையிலேயே இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. இன்றும் நாம் செலுத்தும் சொத்து வரியில், ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கென்று சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. நம் பணத்தில் நடக்கும் அந்தக் கிளை நூலகம், வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் வேளையில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. அது இரவு 9 மணி வரையேனும் திறந்திருக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஊழியர்களை அரசு நியமிக்க வேண்டும். நாலு பேர் மௌனமாகப் படித்துக்கொண்டிருக்கும் மேஜையில் ஐந்தாவதாக உட்காருகிறவன், வீட்டில் எத்தனை முயன்றும் பெற முடியாத ஏகாக்கிர சித்தத்தை அங்கே எளிதாக அடைவதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன்.

நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டு எனக்கு எப்போதும் பிரியமானது. ஊதா மையில் சாய்ந்தும் மங்கியும் விழுந்த தேதிகள். எனக்கு முன் இதைப் படித்தவர்கள் எல்லாம் குறித்த நாளுக்குள் முடித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். சொந்தமாக வாங்கி அடுக்கிய புத்தகம் நாளைக்கு, நாளைக்கு என்று காத்துக்கிடக்க, இரவல் புத்தகம் அந்தத் தேதியின் பலத்தாலேயே படிக்கப்பட்டுவிடுகிறது.

அத்தையின் தொகுப்புக்கு வருகிறேன். இரண்டு பக்கம் தாங்காமல் எழுந்தவன், மூன்றாம் மாதத்தில் ஒரே அமர்வில் இரண்டு வாரத்துப் பகுதிகளைப் படிக்கலானேன். இருபத்திரண்டாம் வாரம் முடிந்ததும் பார்க்கிறேன், இருபத்துமூன்றாம் வாரத்துத் தாள்கள் இல்லை. நூல் அறுந்த துவாரங்கள் மட்டும் இருக்கின்றன. பழைய பத்திரிகைகளைப் பேணிவரும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்த இதழ் கிடைக்குமா என்று விசாரிக்க அடுத்த வாரம் போகவிருக்கிறேன். தொகுப்பில் அதற்கு அடுத்த வாரம் இருக்கிறது. ஆனாலும் தாண்டிப் போக மனம் வரவில்லை. இருபத்திரண்டாம் வாரத்தையே, 'தொடரும்' என்ற சொல் வரை, நேற்று மறுபடியும் படித்தேன்.