டயரி எழுதினவன் வேலையில்லாதவனா?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை ஊரில் ஒரு சின்னக் கூட்டம். நம்ம பகுதியைப் பற்றி ஒரு மலர் போடுவதாகப் பேச்சு. "சாதாரண சனம் எழுதினதையும் சேர்ப்பம். இருபது வருசத்துக்கு முந்தி இன்டர்நெட்டில டயரி மாதிரி எழுதினவங்களையும் தேடிப் பார்ப்பம்" என்றேன். மூத்தவர் ஒருவர் சிரித்தார். "ரீச்சர், அது வேலையில்லாதவங்கட வேலை. காலையில இடியப்பம் சாப்பிட்டன், பின்னேரம் மழை பெஞ்சிச்சு எண்டு எழுதினா அது வரலாறா?" மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வயசுக்கு மரியாதை, வாய் திறக்காமல் வந்துவிட்டேன். பதிலை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த "வேலையில்லாதவங்க" யார் என்று பார்ப்போம்.

1998இல் அமெரிக்காவில் 'ஓப்பன் டயரி' என்ற தளம் வந்தது. யாரும் தன் நாட்குறிப்பை எழுதலாம், முன்பின் தெரியாதவர் அதற்குக் கீழே பதில் எழுதலாம். அடுத்த வருடம் 'லைவ் ஜேர்னல்', 'புளொகர்' இரண்டும் வந்தன. தமிழில் 2003இல் தொடங்கினார்கள். அப்போது தமிழில் எழுதுவது இன்றுபோல் போனில் விரலைத் தட்டுகிற காரியம் இல்லை. ஒருவர் திஸ்கி எழுத்துருவில் எழுதுவார், இன்னொருவர் யுனிகோடில் எழுதுவார். நெட் கஃபேயில் பழைய கொம்பியூட்டரைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாகத் தெரியும். அந்தச் சிக்கலைத் தீர்க்க 'எ-கலப்பை' செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் இருந்த நம் நாட்டவர் சுரதா எழுத்துருமாற்றி செய்து கொடுத்தார். கனடாவில் இருந்து மதி கந்தசாமி, யார் யார் எழுதுகிறார்கள் என்று பட்டியல் போட்டு வைத்தார். 2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' தொடங்கினார். உலகத்தின் எந்த மூலையில் யார் தமிழில் எழுதினாலும் அந்த ஒரே பக்கத்தில் தலைப்பு வந்து நிற்கும். பகலில் வேலை பார்த்துவிட்டு, இரவில் சொந்தக் காசில், சொந்தத் தூக்கத்தில் செய்தவர்கள் இவர்கள்.

அந்த மூத்தவர் முகநூலில் தினமும் "பதிவு" போடுகிறார். அதற்கு வரும் "பின்னூட்டம்" எத்தனை என்று எண்ணுகிறார். இந்தச் சொற்களை இந்தப் பொருளில் சனத்தின் வாயில் புழங்க வைத்ததே அந்த வேலையில்லாதவங்கதான்.

எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. மொக்கையும் இருந்தது. சாதிச் சண்டை, மதச் சண்டை, முகமூடிப் பெயரில் வந்து ஏசுகிறது எல்லாம் இருந்தது. தமிழ்நாட்டு ஆட்களின் சத்தத்தில் நம்மவர் குரல் அடிக்கடி அமுங்கிப்போனது. ஆனால் பத்திரிகையில் ஒருபோதும் பெயர் வராத மனிசன், ஒரு பெண்பிள்ளை, தன் நாளைத் தன் சொல்லில் எழுதி, அதற்குத் திகதியும் போட்டது அங்கேதான்.

இனி இடியப்பத்துக்கு வருவோம். புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் பேசினது, கப்பல் வந்தது, ஊரில் அடிபட்ட வதந்தி, குடும்ப விசயம் எல்லாம் அதில் இருக்கிறது. இன்று அந்தக் காலத்தைப் படிக்கிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. 1846இல் அதை ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். எண்பத்தைந்து வருடம் வீட்டில் கிடந்தாலும் கிடைத்தது, ஏனென்றால் அது கடதாசியில் இருந்தது.

நம்ம ஆட்கள் எழுதினது எங்கே இருந்தது? வாடகை வீட்டில். வீட்டுக்காரன் பூட்டினால் சாமான் உள்ளே. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. ஓப்பன் டயரியே 2014இல் மூடப்பட்டு, நான்கு வருடம் கழித்துத்தான் திரும்ப வந்தது. தமிழ்மணத்தின் கலகலப்பும் அடங்கிப்போனது. எல்லோரும் முகநூலுக்குக் குடிபெயர்ந்தார்கள், பழைய வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவரை ஏன் சொல்வான்? பயிற்சிக் கல்லூரியில் இருந்த நாளில் நானும் ஒரு இலவசத் தளத்தில் டயரி எழுதினேன். முதல் கற்பித்தல் பயிற்சிக்குப் போய் வகுப்பில் கை நடுங்கினது, விடுதிச் சோறு, உம்மா அனுப்பின கடிதம் எல்லாம் எழுதியிருந்தேன். இன்று ஒரு வரி என்னிடம் இல்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். 97,000 புத்தகம் என்கிறார்கள். இன்றும் நெஞ்சு வேகுது, வேகத்தான் வேணும். ஆனால் இதை யாரும் எரிக்கவில்லை. நாங்கள்தான் "இடியப்பக் கதை" என்று சிரித்துச் சிரித்து அழிய விட்டோம். இதற்கு நெருப்பு வைத்தவனைத் தேடத் தேவையில்லை.

இன்னும் கிட்டத்தில் ஒரு கதை. 2006 ஆகஸ்டில் மூதூர்ச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. அதில் என் பெரியும்மாவும் ஒரு ஆள். கந்தளாய்க்கு வந்து சேர்ந்த கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பா! அடுப்பில் வைத்த சோற்றை இறக்காமல் வந்தது, வழியில் முன்பின் தெரியாத ஒரு தமிழ் மனிசி பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தது. பேரன் அதைக் கேட்டு ஒரு சமூக வலைத்தளத்தில் அழகாக எழுதினான். நாங்களும் 'லைக்' போட்டோம். பிறகு அவன்ட போன் துலைந்தது, கடவுச்சொல் மறந்தது, கணக்கும் போனது. பெரியும்மா போன வருடம் மௌத்தானா. அந்தத் தண்ணீர் கொடுத்த கை எந்தப் பத்திரிகையிலும் இல்லை. எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள் என்ற கணக்கு மட்டும் எங்கோ இருக்கும்.

தமிழனும் சோனகனும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர்க் கதைதான் நமக்குத் தேவை. அதைத்தான் தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

"அதுதான் முகநூலில எல்லாம் இருக்கே ரீச்சர்" என்பீர்கள். சுனாமி நேரம் 2004 டிசம்பரில் எழுதினவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், எழுதின இடத்திலேயே இருக்கும் என்று. நீங்கள் போன வருடம் இதே நாளில் எழுதினதை இப்போது தேடி எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

வழி இல்லாமல் இல்லை. 2005இல் மயூரன், கோபிநாத் போன்ற இளைஞர்கள் தொடங்கின 'நூலகம்' திட்டம், ஈழத்துத் தமிழ் எழுத்தை இன்றும் மின்வடிவில் சேர்த்து வைக்கிறது. கோயில் மலரும் பாடசாலைச் சஞ்சிகையும் அங்கே இருக்கிறது. நம்ம மலரும் போகலாம். அதனால் கேட்பது மூன்றே காரியம். பழைய புளொக் எழுதினவர்கள், திறக்கிற பக்கம் இருந்தால் இன்றைக்கே பிரதி எடுங்கள். முகநூலில் எழுதுகிறவர்கள், முக்கியமானதைத் திகதியோடு ஒரு சீஆர் கொப்பியிலும் எழுதுங்கள். வீட்டில் வயசாளி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த மூத்தவரும் இதை வாசிப்பார் என்று தெரியும். சேர், உங்களோடு கோபம் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு, யார் முதலில் கடலைப் பார்த்துக் கத்தினது? சனிக்கிழமை பின்னேரம் கொப்பியும் பேனையும் கொண்டு வாறன். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுறன். இடியப்பத்தில் இருந்தே தொடங்குவம்.